நாற்சீரடியும் ஒரு மணி நேரச் சீட்டும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரவு பத்தரைக்கு மேல் ஓர் இதமான அமைதி வரும். கூரையை உரசுவதுபோல் தாழ்ந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தொட்டிருக்கும்; அடுத்தது இன்னும் கடலுக்கு மேல் எங்கோ வந்துகொண்டிருக்கும். தொழிற்சாலைப் பேருந்துகள் இரவு ஷிப்ட்டுக்காரர்களை இறக்கிவிட்டு ஓரங்கட்டியிருக்கும். தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் பட்டறைக்காக நான் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஒன்று அந்த நேரத்தில்தான் கண்விழிக்கும். அன்றைய பில்களை அடுக்கி, அவரவர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு மறுபடி உறங்கிவிடும். எல்லாம் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்பதற்காகவே கொப்பி ஓ ஒன்றைக் கலக்கிக்கொண்டு நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

கறுப்புத் திரையில் நிரலும் அஞ்சல் சர்வரும் பேசிக்கொள்வது வரிவரியாக ஓடும். கச்சேரிக்கு முன் தம்பூராவைச் சுருதி சேர்ப்பதை மட்டும் கேட்கச் சீக்கிரமே வந்து உட்காரும் ரசிகர்கள் உண்டல்லவா, நான் அந்த ஜாதி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது என் அக்கறை இல்லை. ‘நான் இன்னார், என்னை நம்பு’ என்று ஓர் உயிரில்லாப் பொருள் எப்படிச் சொல்கிறது, எதிரில் இருப்பது எப்படி நம்புகிறது என்பதே என்னைக் கட்டிப்போடும் அழகு. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

நிரல் கதவைத் தட்டியதும் சர்வர் 220 என்று ஓர் எண்ணைச் சொல்லும். ஆயத்தம் என்று பொருள். உடனே நிரல் முகமன் கூற வேண்டும். ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிவைத்த எஸ்எம்டிபி என்ற அஞ்சல் விதிமுறையில் கட்டளைகள் எல்லாமே நான்கு எழுத்து. ஆகவே ஆங்கில ‘ஹலோ’வும் ஓர் எழுத்தை உதிர்த்துவிட்டு ‘ஹெலோ’ ஆயிற்று. பத்தாண்டு கழித்துப் புதிய வசதிகள் சேர்ந்தபோது, புதுப்பழக்கம் தெரிந்த நிரலை அடையாளம் காண வேறு முகமன் தேவைப்பட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? முதலிரண்டு எழுத்தை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். ‘எஹ்லோ’ பிறந்தது. வணக்கத்தை ஒருவர் சொல்லும் தோரணையிலேயே அவர் எந்த ஊர்க்காரர் என்று நமக்குத் தெரிந்துவிடுவதில்லையா? இடம் மாறிய இரண்டு எழுத்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதன்பின் இருவரும் மறைகுறியாக்கத் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். நான் மிகவும் விரும்பும் நொடி அதற்கு அடுத்தது. திரை விழுந்த பிறகு நிரல் மறுபடியும் முதலிலிருந்து ‘எஹ்லோ’ சொல்லும். திரைக்கு வெளியே பேசியதில் யாராவது ஒரு சொல்லைப் புகுத்தியிருக்கலாம் என்பதால், அதுவரை பேசிய அனைத்தையும் இருவரும் மறந்துவிட வேண்டும் என்பது 2002-இல் எழுதப்பட்ட நெறி. தெருவில் கைகுலுக்கியவர்களே வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் புதிதாக ஒருமுறை ‘வாங்க’ என்று சொல்லிக்கொள்வதுபோல. இவ்வளவு நுட்பமான நாகரிகத்தை இயந்திரத்துக்குக் கற்றுத்தர யாருக்குத் தோன்றியிருக்கும்!

இப்போது சர்வர் 334 என்று சொல்லி, அதன் பக்கத்தில் பன்னிரண்டு எழுத்துகளை ஒரு பிதற்றல் போல நீட்டும். மறுபடி 334, மறுபடி வேறு பன்னிரண்டு எழுத்து. பிதற்றல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். முதலாவதைப் பிரித்தால் ‘யூசர்நேம்’, இரண்டாவதைப் பிரித்தால் ‘பாஸ்வோர்ட்’. மூன்று பைட்டுகளை நான்கு எழுத்தாக மடிக்கும் பேஸ்64 என்ற முறையில் மடித்த கேள்விகள் அவை. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் எட்டெட்டு எழுத்து. பின்னால் வரும் முக்காற்புள்ளியோடு ஒன்பது. ஒன்பதை மூன்றால் வகுத்தால் மீதம் இல்லை. ஆகவே மடிப்பில் தொங்கல் இல்லை, இட்டு நிரப்ப வேண்டிய சமக்குறி இல்லை. பன்னிரண்டு எழுத்தில் கச்சிதமாக முடிகிறது. இது யாரும் திட்டமிட்டதாக இருக்காது. கோலத்தில் கடைசிப் புள்ளி தானாக வந்து இழையோடு சேர்ந்துவிடுவதைப் போன்ற அதிர்ஷ்டம். ஆனாலும் ஒவ்வோர் இரவும் அந்த இரட்டையர்களைப் பார்க்கையில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

பேஸ்64 மடிப்பு எதையும் ஒளிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் சுங்கை நிபோங்கில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலம் மாதிரிதான் அது. வாழையிலையும் பழைய பேப்பரும் சோற்றைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கும், திருடனைத் தடுக்காது. யார் கையில் கிடைத்தாலும் பிரித்துவிடலாம். இரகசியம் காக்கும் பொறுப்பு முன்னரே இழுத்துவிட்ட திரைக்கு. இலைக்கு வடிவம் காக்கும் பொறுப்பு மட்டும்.

சர்வர் கேட்ட கேள்விக்கு நிரல் என்ன விடை தர வேண்டும் என்பதில்தான் காலம் ஒரு திருப்பத்தைக் கண்டது. போன வருடம் ஒரு மாலை தொலைபேசி வந்தது. தொழிற்பேட்டையில் டெக்னீசியனாக இருக்கும் ஒரு பையன், தெரிந்த குடும்பம்.

“அண்ணே, பாஸ்வோர்ட் சரியாத்தாண்ணே இருக்கு. மூணு தடவ பாத்துட்டேன். 535-னு சொல்லி மறுக்குது.”

“எந்தப் பாஸ்வோர்ட் தம்பி போட்டீங்க?”

“என்னோடதுதாண்ணே. ஈமெயில் திறப்பேனே, அது.”

“அத இப்பல்லாம் வாங்கிக்காதுலா. வேற ஒண்ணு எடுக்கணும், பதினாறு எழுத்து. இருங்க, சொல்றேன்.”

சொந்தக் கடவுச்சொல்லோடு நிரல் நுழையும் அந்த வாசலைக் கூகுள் தன் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30-இல் சாத்தியது. அதற்கு முன், ஒருவரின் மொத்த வாழ்க்கையையும் திறக்கும் ஒரே சாவியை ஸ்கேனரிலும் பில் போடும் நிரலிலும் அப்படியே எழுதிவைப்பது உலக வழக்கமாக இருந்தது. பில் போடுகிறவருக்கு எதற்கு நம் புகைப்பட ஆல்பத்தின் சாவி? யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தப் பதினாறு எழுத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். செயலிக் கடவுச்சொல் என்கிறோம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ஒரு பெயரைத் தட்டச்சிட்டுப் பொத்தானை அழுத்தினால், சின்னப் பெட்டி ஒன்று திறந்து காட்டும்: நான்கு எழுத்து, இடைவெளி, நான்கு எழுத்து, இடைவெளி, நான்கு, நான்கு. எண் இல்லை, பெரிய எழுத்து இல்லை, வியப்புக்குறி இல்லை. ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் மட்டும். நம் யாப்பிலக்கணம் தெரிந்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும்: நான்கு சீர் கொண்ட அடி, அளவடி. வெண்பாவும் ஆசிரியப்பாவும் நடைபோடும் அதே அளவு. பொருள் மட்டும் கிடையாது. பொருள் இல்லாமல் இருப்பதே அதன் கற்பு. யாருடைய பிறந்த நாளும் அதில் இல்லை, காதலியின் பெயரும் இல்லை, பழைய காரின் எண்ணும் இல்லை. இருபத்தாறு எழுத்தைப் பதினாறு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 43 கோடி கோடி கோடிக்கு மேற்பட்ட அடிகள் வரும். அத்தனையிலிருந்து எடுத்த ஒன்று இப்போது உங்கள் முன்னால், சலனமில்லாமல், நான்கு சீராக.

அந்த இடைவெளிகள் எதற்கு? கணினிக்கு அவை தேவையே இல்லை. இடைவெளியோடு ஒட்டினாலும் நீக்கிவிட்டு ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். அவை நமக்கு. ஸ்கேனரின் சின்னத் திரைக்கு முன் குனிந்து நின்று, அம்புக்குறிகளால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தும் மனிதனின் மூச்சுக்கு விட்ட இடம். நான்கைப் பார், நினைவில் வை, அழுத்து. திரும்பி வந்து அடுத்த நான்கு. ஆப்பிளும் இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது. இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போட்டது. எனக்கென்னவோ இடைவெளிதான் பிடிக்கிறது. கோடு தடுப்பதுபோல் இருக்கும், வெளி விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும்.

பெட்டியை மூடிவிட்டால் அந்த அடி மறுபடி காட்டப்படாது. கணக்குக்கு உரியவரே கெஞ்சினாலும் காட்டாது. வேண்டுமானால் புதிதாக ஒன்றை உண்டாக்கலாம். ஒரே ஒருமுறை முகம் காட்டிவிட்டுப் போகும் அழகுக்கு உரிய படபடப்பு அந்தப் பெட்டிக்கு முன் எனக்கு எப்போதும் உண்டு. இன்னொன்று: இரட்டைச் சரிபார்ப்பு என்ற பலத்த தாழ்ப்பாளைப் போட்டிருப்பவருக்கே இந்தச் சின்னச் சாவி கிடைக்கும். பெரிய கதவைத் தாழிட்டவர் மட்டுமே பக்கவாட்டு ஜன்னலுக்குச் சாவி செய்துகொள்ளலாம் என்கிற ஏற்பாடு.

ஜன்னல் சிறியதே தவிர, அதன் வழியே தெரிவது சிறிதில்லை. அனுப்புவதற்கென்று வாங்கிய பதினாறு எழுத்து, உள்ளே வந்த அஞ்சலை எல்லாம் படிக்கவும் போதும். இரட்டைச் சரிபார்ப்பு குறுக்கே வராது. அதனால்தான் அதை நிரலின் உடம்பில் எழுதாமல் தனியே வைக்கச் சொல்கிறார்கள். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியதும் கூகுள் அத்தனை சின்னச் சாவிகளையும் செல்லாமல் ஆக்கிவிடுகிறது. இந்த இடத்தில் அழகு கொஞ்சம் பயத்தோடு கலந்திருக்கிறது. நான் மறைக்கவில்லை.

பயம் குறைந்த அழகைக் காண வேண்டுமானால் ஓ-ஆத் பக்கம் வர வேண்டும்.

கடையில் அட்டையில் பணம் செலுத்தும்போது கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் சின்ன இயந்திரத்தை நம் பக்கம் நகர்த்திவிட்டு, நாம் இரகசிய எண்ணை அழுத்தும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிலர் கூரையைப் பார்ப்பார்கள், சிலர் இல்லாத வேலை ஒன்றை எடுத்துச் செய்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத இந்தக் கண்ணியத்தை முறையாக எழுதி வைத்ததுதான் ஓ-ஆத். நிரல் உங்களிடம் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. உங்களை உங்கள் அஞ்சல் வீட்டின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீங்கள் உள்ளே போய் உங்கள் வீட்டாரிடமே நீங்கள் யார் என்று சொல்கிறீர்கள். ‘இந்த நிரல் உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப விரும்புகிறது, சம்மதமா?’ என்று வீட்டார் கேட்கிறார்கள். தலையசைத்தால் ஒரு சீட்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நிரல் சீட்டை மட்டும் பார்க்கிறது. நீங்கள் உள்ளே என்ன தட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

2006-இல் டுவிட்டரில் இருந்த பிளெய்ன் குக் முதலான சிலர் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2007 டிசம்பரில் முதல் வடிவம் வந்தது. 2012 அக்டோபரில் இரண்டாம் வடிவம். நண்பர்களைத் தேடித் தருகிறோம் என்று சொல்லி இணையதளங்கள் கூசாமல் நம் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கிய காலத்தில் தொடங்கிய பேச்சு அது. இரண்டாம் வடிவத்தை எழுதிக்கொண்டிருந்தவர்களில் முதல்வரான எரான் ஹாமர், வெளிவருவதற்குச் சில மாதம் முன் மனம் கசந்து தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார். விரிந்து, நெகிழ்ந்து, குழைந்துபோய்விட்டது என்பது அவர் வருத்தம். சிற்பியின் கோபத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் சிலை நின்றுவிட்டது, நான் அதைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஜார்ஜ்டவுன் நினைவு வருகிறது. தைப்பூச வெள்ளித் தேர் புறப்படும் பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். வட்டிக் கடையை நடத்துவது கடல் தாண்டி வந்த ஏஜெண்டு. முதலாளி தன்னையே கொடுத்தனுப்ப முடியாது. ஆகவே பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பார். கடன் கொடுக்கலாம், வாங்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கணக்கு பெரும்பாலும் மூன்று வருடம். வருடங்கள் முடிந்ததும் ஏஜெண்டு கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் கப்பலேறுவார். ஒவ்வொரு கடைக்கும் ‘விலாசம்’ என்று ஒன்று இருந்தது: முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம். அந்த எழுத்துகளைக் கண்டால் எந்தக் குடும்பம், என்ன நாணயம் என்று மலாயா முழுக்கத் தெரியும்.

ஓ-ஆத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் பதிவு செய்யும்போதே ஒரு விலாசம் தருகிறார்கள். நீண்ட எண்ணும் எழுத்துமாக. சம்மதம் கேட்கும் பக்கத்தில் அந்த விலாசத்துக்கு உரிய பெயர்தான் மேலே நிற்கும். கொடுப்பது எந்த அளவு அதிகாரம் என்பது கீழே வரிவரியாக இருக்கும். வாசலில் தந்த சீட்டை மாற்றி நிரல் பெறும் பத்திரம் இரண்டு வகை. நெடுநாள் சீட்டை நிரல் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். அதை வீட்டாரைத் தவிர யாரிடமும் நீட்டாது. அதைக் காட்டிக் குறுஞ்சீட்டு ஒன்றை வாங்கி, குறுஞ்சீட்டோடுதான் அஞ்சல் சர்வரிடம் போகும். முதலாளி மனம் மாறினால் ஒரு பொத்தான். நெடுநாள் சீட்டு வெறும் காகிதமாகிவிடும். கடிதம் போய்ச் சேரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே பினாங்கு ஸ்திரீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் என்று சில இரவுகளில் எனக்குத் தோன்றும்.

குறுஞ்சீட்டின் ஆயுளைப் பாருங்கள். கூகுள் அதைக் கொடுக்கும்போது எத்தனை நொடி செல்லும் என்றும் எழுதித் தரும். பெரும்பாலும் நான் பார்ப்பது 3600 இல்லை, 3599. ஒரு மணி நேரம் என்று முழுசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கையிலிருந்து கைக்கு வருவதற்குள் ஒரு நொடி தேய்ந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டதுபோல் அந்த 3599 நிற்கும். பூக்காரம்மா முழம் போடும்போது விரல் நுனியால் ஒரு மொட்டைத் தள்ளிவிடுவாரே, அந்த நேர்த்தி. எங்காவது சீட்டு களவு போனாலும் திருடனுக்குக் கிடைப்பது அந்தத் தேய்ந்த மணி நேரத்தின் மிச்சம்தான்.

வாசலிலிருந்து நிரலுக்குச் சீட்டு திரும்பி வரும் வழியில் வேறொருவன் பிடுங்கிக்கொண்டால்? கைப்பேசிகள் பெருகிய காலத்தில் இந்தக் கவலை வந்தது. 2015-இல் விடையும் வந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிக்ஸி’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். இராமன் அனுமனிடம் கணையாழியைக் கொடுத்தபோது அதோடு நிறுத்தவில்லை என்பதைக் கம்பன் படித்தவர்கள் அறிவார்கள். தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த சில நினைவுகளையும் அவன் காதில் போட்டு அனுப்பினான். மோதிரத்தைத் திருடலாம், நினைவைத் திருட முடியாது. பிக்ஸியும் அதைத்தான் செய்கிறது. புறப்படும் முன் நிரல் ஓர் இரகசியத்தை மனத்துக்குள் நினைத்துக்கொள்கிறது. அதன் நிழலை மட்டும், ஒருவழிக் கணக்கால் வார்த்தெடுத்து, முதலில் அனுப்புகிறது. நிழலிலிருந்து உருவத்தை மீட்க முடியாது. சீட்டு கைக்கு வந்து அதை மாற்றப் போகும்போது இரகசியத்தையே சொல்கிறது. வீட்டார் அதற்கு நிழல் எடுத்துப் பார்க்கிறார்கள்; முன்பு வந்த நிழலோடு பொருந்தினால் இவன்தான் அவன்.

அந்த இரகசியம் குறைந்தது 43 எழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. ஏன் 43? 32 பைட்டுகளை நம் பழைய இலையில் மடித்தால் 43 எழுத்து வரும். 32-ஐ மூன்றால் வகுத்தால் மீதம் விழும். ஆகவே வழக்கப்படி நுனியில் ஒரு சமக்குறியைச் செருக வேண்டும். பிக்ஸி அந்தச் சமக்குறியைக் கிள்ளி எறிந்துவிடச் சொல்கிறது. ஒன்பதின் கச்சிதத்தை ரசித்தோமே, இங்கே கச்சிதம் தானாக அமையவில்லை. தறியிலிருந்து இறக்கிய துணியின் பிசிறை நெசவாளி கத்தரிப்பதைப் போல வெட்டி அமைத்திருக்கிறார்கள். இரண்டும் அழகுதான். எது மேல் என்று கேட்டால் இன்று இரவு ஒரு பதில் சொல்வேன், நாளைக்கு வேறு.

குறுஞ்சீட்டோடு நிரல் சர்வரிடம் வந்து நிற்கும் வரியைப் பிரித்துப் பார்த்தால், பயனர் முகவரி, பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, பிறகு சீட்டு, கடைசியில் அதே குறி இருமுறை. விசைப்பலகையில் கன்ட்ரோலும் ஏயும் சேர்ந்து பிறப்பிக்கும் குறி அது. குறியீட்டு அட்டவணையில் அதன் எண் 1. தந்தி இயந்திரங்களின் காலத்தில் ‘தலைப்பு தொடங்குகிறது’ என்று சொல்லப் பிறந்து, வேலையிழந்து, மூலையில் உட்கார்ந்திருந்த கிழவரைக் கைபிடித்து அழைத்துவந்து, இத்தனை நவீனமான சபையில் வேலி காக்க நிற்க வைத்திருக்கிறார்கள். யாருடைய பெயரிலும் யாருடைய முகவரியிலும் அந்தக் குறி வராது. ஆகவே வேலியாக அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

சீட்டு காலாவதியாகி இருந்தால் என்ன நடக்கும்? நான் வேண்டுமென்றே பழைய சீட்டை நீட்டிப் பார்த்திருக்கிறேன். உடனே 535 என்று முகத்தில் அறையாது. மறுபடியும் 334, அதாவது ‘மேலே சொல்லுங்கள்’ என்னும் அதே அழைப்பு எண். ஆனால் பக்கத்தில் மடித்து வைத்திருப்பது கேள்வி இல்லை, காரணம். நிரல் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு வெற்று வரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதன்பின்தான் முறையான மறுப்பு வரும். பெண் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று வாயால் சொல்லாமல், வேறொரு பேச்சில் காரணத்தைப் புரியவைத்து, அவர்களே எழுந்துகொள்ள அவகாசம் கொடுக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெற்று வரி அப்படிப்பட்ட எழுந்துகொள்ளல்.

ரசிகனுக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. கூகுளில் பழைய எஸ்எம்டிபி வழியே ஓ-ஆத் சீட்டோடு கடிதம் அனுப்ப வேண்டுமானால், ‘அனுப்ப மட்டும்’ என்ற சின்ன அதிகாரம் செல்லாது. அஞ்சல் முழுவதையும் ஆளும் அதிகாரத்தைக் கேட்டாக வேண்டும். அனுப்ப மட்டும் என்ற அந்த அழகிய சிறு சீட்டு ஜிமெயிலின் சொந்த வழியில்தான் செல்லுபடியாகும். மைக்ரோசாப்ட் இந்த ஓர் இடத்தில் நயமாக நடந்துகொண்டது: எஸ்எம்டிபி வழியே அனுப்புவதற்கென்றே தனிச் சீட்டு வைத்திருக்கிறது. ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரச் சொல்லி வீட்டுப் பத்திரத்தையே கையில் கொடுப்பது ஓ-ஆத்தின் குணத்துக்குச் சேராது. ஆனால் சம்மதப் பக்கம் அதை நேர்மையாக எழுதிக் காட்டுகிறது. படிக்காமல் தலையசைப்பது நம் பழக்கம்.

பிறகு அந்த ஏழைகள் இருக்கிறார்கள்: ஸ்கேனர்கள், மின்தடைக் காவல் பெட்டிகள், ஆலைக் கருவிகள். உலாவி திறக்கத் தெரியாது, சம்மதப் பக்கத்தைக் காட்டத் திரை இல்லை. 1972-இல் வயல்களுக்கு நடுவே இன்டெல் வந்து இறங்கிய இந்தப் பாயான் லெப்பாஸில், தொழிற்பேட்டையின் எந்த அலுவலக மூலையிலும் அப்படி ஒன்று முனகிக்கொண்டிருக்கும். ஸ்கேன் செய்த தாளை அனுப்ப அதற்குத் தெரிந்தது பெயரும் கடவுச்சொல்லும் மட்டும். மைக்ரோசாப்ட் 2022 அக்டோபரில் நிறுவனக் கணக்குகளில் பழைய வாசல்களைச் சாத்தத் தொடங்கியபோது, அஞ்சல் அனுப்பும் இந்த ஒரு வாசலை மட்டும் ஒருக்களித்து வைத்தது. பிறகு நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தது. தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-இல் சாத்தியேவிட்டது. அந்தத் தள்ளிப்போடலைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் உண்டு. மூலையில் முனகும் அந்தக் கிழட்டு ஸ்கேனர்களுக்காக ஒரு கதவு திறந்திருந்த காலமாக நான் அதைப் பார்க்கிறேன். நாற்சீரடியின் அருமை அங்கேதான் தெரியும். படிக்கத் தெரியாத கிழவியிடம் அறிமுகக் கடிதம் கேட்பதில்லை. அவள் சொல்லக்கூடிய ஓர் அடியைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பட்டறை நிரலுக்கு நான் ஓ-ஆத் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை அது மயங்கி விழுந்தது. காரணம் என் மறதி: நிரலைச் ‘சோதனை’ நிலையிலேயே விட்டிருந்தேன், அந்த நிலையில் கூகுளின் நெடுநாள் சீட்டுக்கு ஆயுள் ஏழே நாள். பயிற்சிக்கு வந்த பையனை நிரந்தரமாக்க மறந்துவிட்டு, வாரக் கடைசியில் ஏன் காணோம் என்று தேடியதுபோல ஆயிற்று. நிலையை மாற்றிக் கொடுத்த பிறகு ஒரு நாளும் தவறியதில்லை.

இன்று கொப்பி ஆறுவதற்குள் என் சொந்தக் கணக்கின் செயலிக் கடவுச்சொல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பெயர் மிச்சம்: ‘பழைய ஸ்கேனர்’. பக்கத்தில் அதை உண்டாக்கிய தேதி. அந்தப் பதினாறு எழுத்து எனக்கு நினைவில்லை. அதைக் குனிந்து நின்று ஒவ்வொன்றாக அழுத்தியது நினைவிருக்கிறது. மூன்றாம் சீரில் ஓர் எழுத்துத் தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கியதும். ஸ்கேனரை இரும்புக்காரர் எடுத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. அதன் பெயர் மட்டும் இங்கே, ஊர் திரும்பிவிட்ட ஏஜெண்டின் பெயர்ப்பலகைபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினேன். வரி மறைந்தது.

பக்கத்துச் சன்னலில் மணி பத்து நாற்பது. பட்டறை நிரல் விழித்துக்கொண்டு ‘எஹ்லோ’ என்றது. சர்வர் 250, அதாவது சரி, என்றது. இருவரும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள்போல மறுபடி வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.